புற்று எவ்வளவு இடத்தை அடைக்கிறது?

பிரேசிலின் செராடோ என்ற புல்வெளிப் பகுதியின் மேய்ச்சல் நிலங்களில் பாதி இடத்தைக் கரையான் புற்றுகளே பிடித்துக்கொள்வதாகவும், அதனால்தான் மாடுகளுக்குப் புல் போதவில்லை என்றும் ஒரு கருத்து வந்திருக்கிறது. அப்படி இல்லைங்க. அடியில் 80 செ.மீ. குறுக்களவுள்ள புற்று சுமார் அரை சதுர மீட்டர்தான் அடைக்கும். ஒரு ஹெக்டேரில் அப்படி 200 புற்று இருந்தாலும் மொத்தம் 100 சதுர மீட்டர், அதாவது 1 சதவீதம். ஒட்ட மேய்ந்த நிலத்தைத் தூரத்திலிருந்து பார்த்தால் வெளியெல்லாம் புற்றாகத்தான் தெரியும். சந்தேகம் இருந்தால் டேப்பை எடுத்து 50க்கு 50 மீட்டர் அளந்து, உள்ளே இருக்கும் ஒவ்வொரு புற்றின் அடிப்பரப்பையும் கூட்டி, 2,500ஆல் வகுத்துப் பாருங்கள். டிராக்டர் ஓட்டத்தான் புற்று நிஜமான இடைஞ்சல்.