வர்ணம் வேதத்தின் தொடக்கத்திலேயே உறுதியாகிவிட்டதா?

நான்கு வர்ணப் பிரிவு ரிக்வேதத்தின் முதல் வரியிலிருந்தே இருந்தது என்று நான் படித்த ஒரு கட்டுரை சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. அந்த நூலில் நான்கும் சேர்ந்து வருவது 10ஆம் மண்டலத்தில் (மண்டலம் என்பது நூலின் பெரும்பகுதி) உள்ள புருஷ சூக்தம் என்ற பாடலில் மட்டும்தான். அந்த மண்டலமே காலத்தால் பிந்தியது என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் முடிவு.

9ஆம் மண்டலம், 112ஆவது பாடலைப் பாருங்கள். "நான் பாடல் புனைபவன், தந்தை வைத்தியர், தாய் கல்லில் தானியம் அரைப்பவள், எல்லாரும் பொருள் தேடித்தான் அலைகிறோம்" என்ற பொருளில் ஒருவர் பாடுகிறார். ஒரே வீட்டில் மூன்று தொழில்! மறைக்க வேண்டிய செய்தியாக அவர் அதைச் சொல்லவே இல்லை. எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

அதற்காக வேதகாலம் சமத்துவப் பொற்காலம் என்று வாதாடுபவர்களோடும் நான் சேர மாட்டேன். சாந்தோக்கிய உபநிடதத்தில், தந்தையின் கோத்திரம் தெரியாது என்று உண்மை சொன்ன சத்தியகாமன் என்ற சிறுவனைக் கௌதமர் என்ற குரு சீடனாக ஏற்கிறார். ஆனால் அவர் சொல்லும் காரணம், பிராமணன் அல்லாதவன் இப்படிப் பேச மாட்டான் என்பது. அதே நூலின் 5ஆம் அத்தியாயம், தீயொழுக்கம் உடையவர்கள் நாயாகவோ பன்றியாகவோ சண்டாளனாகவோ (மிகத் தாழ்ந்தவனாகக் கருதி ஒதுக்கப்பட்டவன்) பிறப்பார்கள் என்கிறது. அந்த வரியைக் கட்டுரை தொடவே இல்லை. அடுத்த பகுதியிலாவது கட்டுரை ஆசிரியர் இதைப் பற்றி எழுத வேண்டும்.