டெஸ்ட் இருக்கு, ஆனா கோடத் தொட முடியல

ப்ரோக்ராம்ல ஒரு ஃபங்ஷன (ஒரு வேலைய செய்யற கோட் துண்டு) ரெண்டா பிரிச்சேன், அவ்ளோதான். அவுட்புட்ல ஒரு எழுத்து கூட மாறல. ஆனா கோட் சரியா ஓடுதான்னு தானா செக் பண்ற டெஸ்ட்ல 43 செவப்பு, அதாவது ஃபெயில். என்னடான்னு பாத்தா ஒவ்வொரு டெஸ்ட்லயும் உள்ள இருக்கற எல்லாத்தையும் மாக் பண்ணி (நெஜத்துக்குப் பதிலா டம்மி) வச்சு, இந்த மெத்தட எத்தன தடவ கூப்ட்ட, எந்த ஆர்டர்ல கூப்ட்டன்னு போலீஸ் விசாரணை மாதிரி செக் பண்ணிருக்காங்க, கடைசில வர்ற பதில் சரியான்னு மட்டும் ஒரு டெஸ்ட் கூட கேக்கல. ரீஃபாக்டர்னா வெளிய தெரியறது மாறாம உள்ள மாத்துறதுதானே, அப்போ டெஸ்டும் வெளிய நின்னுதான பாக்கணும்?

இது பத்தாதுன்னு அந்த ஃபங்ஷனுக்கு ட்ரூ, ஃபால்ஸ், ஃபால்ஸ், ட்ரூன்னு வரிசையா 4 ஃப்ளாக் (ஆன்/ஆஃப் ஸ்விட்ச் மாதிரி). மூணாவது ஃபால்ஸ் எதுக்குன்னு கேட்டா "ஓடுதுல்ல, விடு"ங்கறாங்க. எவன் எழுதுனதுன்னு கடுப்புல கிட் பிளேம் (எந்த வரிய கடைசியா யாரு மாத்துனாங்கன்னு காட்டற கமாண்ட்) போட்டேன்... நாந்தான், 2 வருஷம் முன்னாடி (ஃப்ளாக் மட்டும்தான், மாக் நான் இல்ல, சத்தியமா). இப்போ 43-ஐயும் உக்காந்து ஒன்னொன்னா திருத்திட்டு இருக்கேன், 16 முடிஞ்சிருக்கு.