டி லா சோலை மறுபடி கேட்கிறேன்

ஹிப்ஹாப் ரசிகர்களிடம் பிடித்த ஆல்பம் எது என்று கேட்டால் பெரும்பாலும் கோபமான ஆல்பம் ஒன்றைத்தான் சொல்வார்கள். எனக்கு டி லா சோல் என்ற அமெரிக்க ராப் குழுவின் ‘3 ஃபீட் ஹை அண்ட் ரைசிங்’. 1989இல் வந்தது. மூன்று பையன்கள் சிரித்துச் சிரித்தே செய்த ஆல்பம். என்னிடம் இருந்த கேசட் நாடா அறுந்துபோய் எவ்வளவோ காலம் ஆகிவிட்டது. அதன் பிறகு அங்கங்கே நினைவில் நின்ற துண்டுகள்தான். ஸ்ட்ரீமிங் வந்தும் பயனில்லை, தேடினால் கிடைக்காது. ஒருவழியாக 2023 மார்ச் 3 அன்று வந்து சேர்ந்தது. அதிலிருந்து விட்டு விட்டுக் கேட்டுக்கொண்டிருக்கிறேன், சமீபமாக விடாமல்.

இப்போது கேட்கும்போது எனக்குத் தோன்றுவது இதுதான்: இப்படி ஓர் ஆல்பத்தை இன்று யாராலும் செய்ய முடியாது. திறமைக்குப் பஞ்சமில்லை. வக்கீல் செலவுதான் கட்டுப்படியாகாது.

பாஸ்ட்னூஸ், ட்ருகாய், மேசியோ மூவரும் நியூயார்க் லாங் ஐலண்டில் உள்ள அமிட்டிவில்காரர்கள். தயாரித்த பிரின்ஸ் பாலும் அதே ஊர். கையில் கிடைத்த பழைய இசைத்தட்டை எல்லாம் வெட்டி ஒட்டினார்கள். ‘ஐ நோ’ பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அடியில் ஓடுவது ஸ்டீலி டான் குழுவின் ‘பெக்’. அதற்கு மேலே ஒரு விசில் மிதந்து வரும். அது பாடகர் ஓட்டிஸ் ரெடிங்குடையது. 1967இல் விமான விபத்தில் இறப்பதற்குக் கொஞ்ச நாள் முன்பு அவர் பதிவு செய்த பாட்டின் முடிவில் வருகிற விசில். ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத இரண்டு பாட்டுகள், நடுவில் இந்தப் பையன்களின் காதல் வசனம். மூன்றும் சேர்ந்தே பிறந்தவை போல அப்படியே பொருந்துகின்றன. கேசட்டில் கேட்ட காலத்தில் அந்த விசில் யாருடையது என்றே எனக்குத் தெரியாது. தெரிந்து கேட்கும்போது பாட்டு இன்னும் கூடுகிறது.

இப்படியே ‘சே நோ கோ’வில் ஹால் அண்ட் ஓட்ஸின் பாட்டுத் துண்டு. ‘மீ மைசெல்ஃப் அண்ட் ஐ’யில் ஃபங்கடெலிக் குழுவினுடையது. ‘தி மேஜிக் நம்பர்’ குழந்தைகளுக்குக் கணக்குச் சொல்லித்தரும் தொலைக்காட்சிப் பாட்டிலிருந்து கிளம்புகிறது. ‘பாட்ஹோல்ஸ் இன் மை லான்’ தனி வேடிக்கை. எங்கள் வரிகளை மற்ற ராப்பர்கள் திருடுகிறார்கள் என்று புலம்புகிற பாட்டு அது. புலம்பலுக்குப் பின்னணி இசை முழுக்க மற்றவர்கள் போட்டது! இந்த முரண் அவர்களுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்?

வினை வந்தது ஒரு நிமிடச் சொச்சத் துணுக்கால். ‘டிரான்ஸ்மிட்டிங் லைவ் ஃப்ரம் மார்ஸ்’. டர்டில்ஸ் என்ற 1960களின் குழுவினுடைய பாட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்து, மெதுவாக ஓடவிட்டு, அதன் மேல் பிரெஞ்சு கற்றுக்கொடுக்கும் இசைத்தட்டு ஒன்றைப் பேசவைத்திருப்பார்கள். அனுமதி வாங்கவில்லை. டர்டில்ஸ்காரர்கள் வழக்குப் போட்டார்கள், கடைசியில் நீதிமன்றத்துக்கு வெளியே பேசி முடித்தார்கள். 1991இல் பிஸ் மார்க்கி என்ற இன்னொரு ராப்பர் மேல் வந்த இதே மாதிரி வழக்கில் ‘திருடாதே’ என்ற பைபிள் கட்டளையோடு தீர்ப்பைத் தொடங்கினார் நீதிபதி. அதோடு, இஷ்டத்துக்குச் சாம்பிள் எடுக்கும், அதாவது அடுத்தவர் பாட்டிலிருந்து துண்டு வெட்டிப் போடும் காலம் மலையேறியது. ஒவ்வொரு துண்டுக்கும் காசு, ஒவ்வொரு துண்டுக்கும் கையெழுத்து.

டர்டில்ஸ் மேல் எனக்குக் கோபம் இல்லை. தன் பாட்டை இன்னொருவன் விற்றால் கேட்கத்தான் செய்வார்கள். பங்கு கேட்பது நியாயம். ஆனால் எழுபதுகளில் வாசித்த கலைஞருக்கு உண்மையில் எவ்வளவு போகிறது, உரிமையை வாங்கி வைத்திருக்கும் நிறுவனத்துக்கு எவ்வளவு போகிறது என்று பார்த்தால், கலைஞனைக் காப்பாற்றுகிறோம் என்ற பேச்சு கொஞ்சம் இளைத்துவிடும். ஒட்டுவேலையும் கலைதான். அதற்கென்று ஓர் எளிய கட்டண முறை முன்பே இருந்திருந்தால் இரண்டு தரப்புமே சம்பாதித்திருக்கும்.

ஸ்ட்ரீமிங்கில் வராமல் போனதும் இதன் தொடர்ச்சிதான். அன்று போட்ட ஒப்பந்தங்கள் இசைத்தட்டுக்கும் கேசட்டுக்கும். இணையத்தை யார் நினைத்தார்கள்? 2014 காதலர் தினத்தில் குழுவே தன் பழைய ஆல்பங்களை ஒரு நாள் இலவசமாக அள்ளிக் கொடுத்தது. 2019இல் வரப்போகிறது என்றார்கள், வருமானப் பங்குத் தகராறில் நின்றுபோனது. 2021இல் வந்த ‘ஸ்பைடர்மேன்’ படத்தின் முடிவில் ‘தி மேஜிக் நம்பர்’ ஒலித்தது. ஒரு புது தலைமுறை யார் இவர்கள் என்று தேடியிருக்கும், ஆல்பம்தான் கிடைத்திருக்காது.

எல்லாம் முடிந்து தேதியும் குறித்த பிறகு, 2023 பிப்ரவரி 12 அன்று ட்ருகாய் இறந்துபோனார். வயது 54. ஆல்பம் ஸ்ட்ரீமிங்கில் வர மூன்று வாரம் கூட இல்லை. இதைப் பற்றி என்ன எழுதினாலும் மிகையாகிவிடும், விட்டுவிடுகிறேன்.

சரி, ஆல்பத்தில் குறையே இல்லையா என்றால், இருக்கிறது. பாட்டுகளுக்கு நடுவே வரும் அந்தக் கேம் ஷோ துணுக்குகள் முதல் தடவை சிரிப்பு, அப்புறம் தாண்டிவிடலாம். ஹிப்ஹாப் ஆல்பங்களில் நாடகத் துணுக்கு போடும் பழக்கம் பரவ இதுதான் பெரிய காரணம் என்பார்கள். பின்னால் வந்த எத்தனையோ சுமாரான துணுக்குகளுக்கும் இவர்களையே திட்ட வேண்டியிருக்கிறது. இருபத்து நான்கு ட்ராக்கில் நாலைந்தைக் குறைத்திருந்தால் இன்னும் இறுக்கமாக இருந்திருக்கும்.

புதிதாகக் கேட்பவர்கள் ‘ஐ நோ’விலிருந்து தொடங்குங்கள், பிறகு ‘ட்ரெட் வாட்டர்’. முதலை, அணில், மீன், குரங்கு எல்லாம் வந்து புத்திமதி சொல்லும். ‘ஹிப்பி’ என்று முத்திரை குத்தியது பிடிக்காமல் 1991இல் அவர்கள் போட்ட அடுத்த ஆல்பத்தின் பெயரே ‘டி லா சோல் இஸ் டெட்’. அட்டையில் உடைந்த பூந்தொட்டி. முந்தையதைவிட இதுதான் உசத்தி என்று சொல்கிறவர்கள் நிறையப் பேர். கமெண்டில் வாருங்கள், சண்டை போடலாம்.