எலுமிச்சை ஜூஸுக்கு எதற்கு பெர்மிட்?

போன சனிக்கிழமை எங்கள் வீட்டு டிரைவ்வேயில் கடை திறந்தாகிவிட்டது. முதலாளி என் மகள், வயது ஒன்பது. ஐஸ் தூக்கி வர அவள் தம்பி, வயது ஆறு. ஒரு மடக்கு மேஜை, குழாய் வைத்த கண்ணாடி ஜாடி, கல்லாவுக்கு என் பழைய ஷூ டப்பா. 'லெமனேட், ஒரு கப் 1 டாலர்' என்று அட்டையில் கலர் பேனாவால் எழுதி, கடைசி எழுத்துக்கு இடம் இல்லாமல் அதை மட்டும் கீழே இறக்கி எழுதியிருந்தாள். டாலஸ் பக்கத்து ஜூலை வெயில் இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும், மற்றவர்கள் வேலூரை நினைத்துக்கொள்ளுங்கள்.

பதினோரு மணி வாக்கில் நம் ஊர்த் தம்பி ஒருவர் குடும்பத்தோடு வந்தார். அமெரிக்கா வந்து இன்னும் ஒரு வருடம் ஆகவில்லை. ஒரு கப் வாங்கிக் குடித்துவிட்டு என்னிடம் மெதுவாகக் கேட்டார்: "அண்ணா, இதுக்கெல்லாம் பெர்மிட் வேணாமா? யாராவது கம்ப்ளெயின்ட் பண்ணிட்டா?"

அவர் கேட்டதில் தப்பே இல்லை. சில வருடங்களுக்கு முன்னால் கேட்டிருந்தால் "வேணும்"தான் பதில். அந்தக் கதையைச் சொல்லத்தான் இந்தப் பதிவு. நான் ஏன் இந்த நாட்டில் வலதுசாரிப் பக்கம் சாய்ந்தேன் என்று அடிக்கடி கேட்கிறீர்கள் இல்லையா, அதற்கான பதிலும் இதற்குள்தான் இருக்கிறது.

கிழக்கு டெக்சாஸில் ஓவர்ட்டன் என்று ஒரு சின்ன ஊர். 2015 ஜூனில் அங்கே அக்கா தங்கை இரண்டு பேர், தந்தையர் தினத்துக்கு அப்பாவை வாட்டர் பார்க் கூட்டிப்போகக் காசு சேர்க்க லெமனேட் கடை போட்டார்கள். கொஞ்ச நேரத்தில் போலீஸ் வந்தது. தெருவில் விற்க 150 டாலர் பெர்மிட் வேண்டும் என்றார்கள். விஷயம் டிவி வரைக்கும் போனதும் அந்தக் கட்டணத்தை நகராட்சி தள்ளுபடி செய்தது. ஆனால் சுகாதாரத் துறை பார்த்து அனுமதி தந்தாக வேண்டும், ஏனென்றால் லெமனேட் குளிர்பதனத்தில் வைக்க வேண்டிய பானமாம். அந்தப் பிள்ளைகள் என்ன செய்தார்கள் தெரியுமா? விற்றால்தானே பெர்மிட் என்று சும்மா கொடுத்தார்கள், பக்கத்தில் ஒரு அன்பளிப்பு டப்பாவை வைத்தார்கள். இந்த நாட்டைப் பற்றி எனக்கு இருக்கிற நம்பிக்கையில் பாதி அந்த டப்பாவில் இருக்கிறது.

போலீஸ்காரர் மேல் எனக்குக் கோபம் இல்லை. சட்டப் புத்தகத்தில் இருப்பதைச் செய்தார். அந்த வரியைப் புத்தகத்தில் எழுதியவர்கள் மேல்தான் கோபம், அப்புறம் அது அங்கே இருப்பதையே பல வருடம் யாரும் கவனிக்காமல் விட்டதன் மேலும்.

சரி, அதற்குப் பிறகு நல்லது நடந்தது. யூட்டா மாநிலம் 2017லேயே பிள்ளைகள் எப்போதாவது செய்யும் வியாபாரத்துக்கு லைசென்ஸ் கேட்கக் கூடாது என்று சட்டம் போட்டுவிட்டது. 2018இல் கன்ட்ரி டைம் என்ற லெமனேட் கம்பெனி, இப்படி அபராதம் விழும் பிள்ளைகளுக்கு 300 டாலர் வரை தானே கட்டுவதாக அறிவித்தது. 2019இல் டெக்சாஸ் சட்டசபை எச்.பி. 234 என்ற மசோதாவை நிறைவேற்றி, ஆளுநர் கிரெக் அபாட் கையெழுத்துப் போட்டு, செப்டம்பர் 1 முதல் அமலுக்கு வந்தது. பதினெட்டு வயதுக்குக் கீழ் உள்ளவர்கள் தனியார் இடத்திலோ பொதுப் பூங்காவிலோ லெமனேட் விற்றால் ஊர் நிர்வாகம் பெர்மிட் கேட்க முடியாது, குடியிருப்புப் பகுதியின் வீட்டு உரிமையாளர் சங்கமும் தடுக்க முடியாது. புல் ஒரு அங்குலம் அதிகம் வளர்ந்தால் கடிதம் போடும் சங்கங்களைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கடைசி வரியின் அருமை புரியும். அதே 2019இல் கொலராடோவிலும் இதே மாதிரிச் சட்டம் வந்தது. டென்வரில் 2018இல் சில பையன்கள் தர்மத்துக்குப் பணம் சேர்க்கப் போட்ட கடையை மூட வைத்த பிறகுதான் அங்கே விழித்துக்கொண்டார்கள். கையெழுத்துப் போட்ட ஆளுநர் ஜாரெட் போலிஸ் ஜனநாயகக் கட்சிக்காரர், அவருக்கும் என் வணக்கம்.

"லெமனேடுக்கு இவ்வளவு பேச்சா" என்று நினைப்பவர்கள் லூசியானாவுக்கு வாருங்கள்.

அங்கே செயின்ட் ஜோசப் மடம் என்று பெனடிக்டின் என்ற கத்தோலிக்கப் பிரிவுத் துறவிகளின் மடம் ஒன்று இருக்கிறது. இறந்துபோகும் துறவிகளுக்கு மரத்தில் எளிமையான சவப்பெட்டி செய்வது அவர்கள் வழக்கம். 2005இல் கத்ரீனா புயல் அவர்களுடைய மரங்களையெல்லாம் சாய்த்துவிட்டது, மரத்திலிருந்து வந்த வருமானம் போனது. வெளியாட்களும் பெட்டி கேட்டுக்கொண்டிருந்ததால் 2007இல் விற்பனைக்கே செய்ய ஆரம்பித்தார்கள். விலை 1,500, 2,000 டாலர். உடனே மாநிலத்தின் இறுதிச்சடங்கு வாரியம் நிறுத்தச் சொன்னது. சட்டப்படி, லைசென்ஸ் வாங்கிய இறுதிச்சடங்கு நிறுவனம் மட்டும்தான் சவப்பெட்டி விற்கலாம். துறவிகள் விற்க வேண்டும் என்றால் துக்கத்துக்கு வருகிறவர்கள் உட்காரக் கூடம் கட்ட வேண்டும், உடலைப் பதப்படுத்தும் அறை கட்ட வேண்டும், லைசென்ஸ் உள்ள ஒருவரை வேலைக்கு வைக்க வேண்டும். இத்தனைக்கும் லூசியானாவில் அடக்கம் செய்யப் பெட்டியே கட்டாயம் கிடையாது! வேண்டுமானால் வீட்டிலேயே செய்துகொள்ளலாம், வேறு மாநிலத்திலிருந்து இணையத்தில் வரவழைக்கலாம். பக்கத்து மடத்துத் துறவியிடம் மட்டும் வாங்கக் கூடாது.

துறவிகள் வழக்குப் போட்டார்கள். 2011இல் கீழ் நீதிமன்றத்தில் ஜெயித்தார்கள், 2013இல் ஐந்தாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றத்திலும் ஜெயித்தார்கள், அதே வருடம் உச்ச நீதிமன்றம் வாரியத்தின் மனுவை எடுத்துக்கொள்ள மறுத்தது. அந்தத் தீர்ப்பின் சாரம் ரொம்ப எளிது: ஏற்கெனவே கடை வைத்திருப்பவனின் லாபத்தைக் காப்பாற்றுவதற்காக மட்டும் ஒரு சட்டம் இருக்க முடியாது. இதைத்தான் நானும் சொல்கிறேன். பாதுகாப்பு என்ற பெயரில் வரும் லைசென்ஸ்களில் நிறைய, உள்ளே இருப்பவன் வெளியே இருப்பவன் மூக்கின் மேல் சாத்தும் கதவு.

இதில் என் வலதுசாரிப் பக்கத்து ஆட்களையும் விட மாட்டேன். லூசியானாவும் டெக்சாஸும் வலதுசாரிக் குடியரசுக் கட்சியின் கோட்டைகள் என்று பெயர். இருந்தும் இதே லூசியானாவில் பூக்கடைக்காரர் ஆக வேண்டும் என்றால் 2010 வரை நடுவர்கள் முன்னால் பூ அடுக்கிக் காட்டிச் செய்முறைத் தேர்வில் பாஸாக வேண்டும். நம் ஊரில் சரம் தொடுக்கும் அக்காக்களை ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். சின்ன அரசாங்கம் என்று மேடையில் பேசுவது சுலபம், தன் தொகுதியில் நன்கொடை கொடுக்கும் சங்கத்தின் லைசென்ஸில் கை வைப்பது கஷ்டம். கை வைத்தவர்களை நான் மதிக்கிறேன். அரிசோனாவில் அப்போதைய ஆளுநர் டக் டூசி 2019இல், வேறு மாநிலத்தில் லைசென்ஸ் வாங்கியவர் குடிவந்தால் அதை ஏற்றுக்கொள்ளும் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். ஃபுளோரிடாவில் ஆளுநராக ரான் டிசாண்டிஸ் 2020இல் ஒரே சட்டத்தில் பல லைசென்ஸ்களைத் தூக்கினார். தலைமுடி பின்னிவிடுபவருக்கு லைசென்ஸ் இருந்தது, குத்துச்சண்டையில் நேரம் பார்ப்பவருக்குக்கூட இருந்தது.

இது கட்சிச் சண்டை மட்டும் இல்லை என்பதற்கும் சாட்சி இருக்கிறது. ஒபாமா காலத்து வெள்ளை மாளிகையே 2015இல் அறிக்கை வெளியிட்டது. அமெரிக்கத் தொழிலாளர்களில் நான்கில் ஒரு பங்குக்கும் மேல் வேலை செய்ய ஏதோ ஒரு லைசென்ஸ் தேவை, 1950களோடு ஒப்பிட்டால் இது ஐந்து மடங்கு என்று. டாக்டருக்கு வேண்டும், எலக்ட்ரீஷியனுக்கு வேண்டும், விமானம் ஓட்டுபவருக்குக் கட்டாயம் வேண்டும். நான் அராஜகவாதி இல்லை. ஹோட்டல் சமையலறையில் சுகாதார ஆய்வாளர் நுழைவதை வரவேற்பவன். ஆனால் என் மகளின் ஜாடியைப் பார்க்க ஆய்வாளர் வேண்டாம். அந்த ஜாடியைத் தெருவே பார்த்துக்கொண்டிருக்கிறது. கை கழுவாமல் எலுமிச்சம்பழம் பிழிந்தால் எதிர்வீட்டுப் பெரியவருக்குத் தெரியும், அவர் என்னிடம் சொல்வார், நான் அவளிடம் சொல்வேன்.

அதிபர் ரீகன் 1986இல் பத்திரிகையாளர்களிடம் ஒன்று சொன்னார்: நான் அரசாங்கத்திலிருந்து வருகிறேன், உதவி செய்யத்தான் வந்திருக்கிறேன் என்பதுதான் ஆங்கிலத்திலேயே மிகப் பயங்கரமான வார்த்தைகள் என்று. இதைக் கேட்டு இங்கே பிறந்தவர்கள் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்போடு ரேடியோ ஞாபகமும் வரும். இந்தியாவில் எங்கள் வீட்டில் ஒரு வால்வு ரேடியோ இருந்தது. நம் வீட்டுக்குள் நம் ரேடியோவில் செய்தி கேட்க லைசென்ஸ் வேண்டும், தபால் நிலையத்தில் வருடா வருடம் பணம் கட்ட வேண்டும், எண்பதுகளின் நடுவில்தான் அது ஒழிந்தது. அப்பா அந்த லைசென்ஸ் புத்தகத்தை ரேஷன் கார்டோடு சேர்த்து பீரோவில் பூட்டி வைத்திருப்பார். கேட்காமல் எதையும் செய்யக் கூடாது என்ற பயம் அந்தத் தலைமுறைக்கு அப்படித்தான் ஊட்டப்பட்டது. "கம்ப்ளெயின்ட் பண்ணிட்டா?" என்று அந்தத் தம்பி கேட்டபோது எனக்கு அந்த பீரோதான் கண்ணில் வந்தது.

இங்கே இருக்கும் நம் பெண்களுக்கும் இதில் பங்கு உண்டு. வீட்டில் முறுக்கு, அதிரசம் செய்து விற்கும் அக்காக்கள் டெக்சாஸில் தைரியமாக விற்பதற்குக் காரணம் 2011இல் வந்த வீட்டுத் தயாரிப்பு உணவுச் சட்டம். 2025 செப்டம்பரில் அதை இன்னும் தளர்த்தி, வருட விற்பனை வரம்பை 50,000 டாலரிலிருந்து 1,50,000 டாலர் ஆக்கியிருக்கிறார்கள். தீபாவளிக்கு நூறு கிலோ மாவு பிசையும் அம்மா ஒருவருக்கு இது வெறும் எண் இல்லை, சின்னதாக ஆள் வைத்துச் செய்யலாமா என்று யோசிக்க வைக்கும் எண்.

கடைக்கு வருவோம். மதியம் இரண்டு மணிக்கு ஜாடி காலி. தபால் கொண்டுவரும் அம்மா இரண்டு கப் குடித்தார். எதிர்வீட்டுப் பெரியவர் முன்னாள் ராணுவ வீரர், ஐந்து டாலர் நோட்டை நீட்டி மீதி வேண்டாம் என்றார். என் மகள் விடவில்லை, நான்கு ஒற்றை டாலர்களை எண்ணி அவர் கையில் வைத்தாள், அவர் அவற்றை அப்படியே டிப்ஸ் கிண்ணத்தில் போட்டார். மொத்தம் 31 கப், டிப்ஸ் 9 டாலர், கல்லாவில் 40. நோட்டை எல்லாம் தரையில் பரப்பி வைத்து அவள் துள்ளிக்கொண்டிருந்தபோது நான் ரசீதுகளை எடுத்தேன். பழம் 8, சர்க்கரை 4, கப் 3, ஐஸ் 5. இருபது டாலரை எண்ணி எடுத்துக்கொண்டேன். அவளுக்கு முகமே வாடிவிட்டது.

"இது டாக்ஸா அப்பா?"

"இல்லம்மா, இது போட்ட முதல். மீதிதான் லாபம்."

கொஞ்ச நேரம் யோசித்தாள். அதற்குள் தம்பி சம்பளம் கேட்டு வந்து நின்றான். ஒரு டாலர் தருகிறேன் என்றாள், அவன் மூன்று கேட்டான், முடியாது என்றதும் இனிமேல் ஐஸ் தூக்க மாட்டேன் என்று புல்தரையில் உட்கார்ந்துவிட்டான். நானும் என் மனைவியும் வாயே திறக்கவில்லை. பத்து நிமிடத்தில் இரண்டு டாலரும் அடுத்த முறை ஒரு கப் இலவசமும் என்று அவர்களே பேசி முடித்தார்கள். முதல், லாபம், கூலி, பேரம் எல்லாம் ஒரே மதியத்தில். எந்தப் பள்ளிக்கூடத்தில் இதற்குப் பாடம் வைத்திருக்கிறார்கள், சொல்லுங்கள்.

சாயங்காலம் டெக்சாஸின் அந்த லெமனேட் சட்டத்தின் வாசகத்தை அவளுக்குப் படித்துக் காட்டினேன். லெமனேட் மட்டும் இல்லை, 'அல்லது மது அல்லாத பிற பானங்கள்' என்றும் அதில் இருக்கிறது. அதைக் கேட்டதும் அவள் நேராகச் சமையலறைக்குப் போய், பாட்டி ஊரிலிருந்து கொடுத்தனுப்பிய நன்னாரி சர்பத் பாட்டில் எத்தனை மீதி இருக்கிறது என்று எண்ண ஆரம்பித்துவிட்டாள். இரண்டு இருக்கிறது. வரும் சனிக்கிழமை காலை பத்து மணிக்குக் கடை திறக்கிறோம், விலை அதே ஒரு டாலர்தான், பக்கத்தில் இருப்பவர்கள் வாருங்கள். அந்தத் தம்பிக்கும் சொல்லிவிட்டேன்.