ஓத்ராந்தோவுக்குப் போனால் முதலில் தரையைப் பாருங்கள்

இத்தாலிக்குப் போய்வந்த நம்மவர்களின் படங்களைப் பாருங்கள். ரோம், வெனிஸ், பிளாரன்ஸ், அப்புறம் பைசா கோபுரத்தைக் கையால் முட்டுக்கொடுக்கும் அந்த ஒரு படம். அவ்வளவுதான். கொஞ்சம் துணிந்தவர்கள் நேப்பிள்ஸ் வரை இறங்குவார்கள். இத்தாலியைப் பூட்ஸ் கால் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அந்தப் பூட்ஸின் குதிகால் வரை போகிறவர்கள் மிகக் குறைவு. ஓத்ராந்தோ அங்கேதான் இருக்கிறது. நாட்டின் கிழக்குக் கோடியான பலாஷியா முனை இந்த ஊருக்குச் சற்றுத் தெற்கே. வானம் தெளிந்த நாளில் அக்கரையில் அல்பேனியாவின் மலைகள் தெரியும். நடுவில் 70 கிலோமீட்டர் சொச்சம் கடல்.

போன கோடையில் போய்வந்தேன். போவதற்கு முன் இந்த ஊரைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் வாசித்ததில், எழுதுகிறவர்கள் இரண்டே கட்சி என்று தெரிந்தது. ஒரு கட்சி கடலின் நிறத்தைப் பாடுகிறது. இன்னொரு கட்சி மண்டையோட்டைப் படம் எடுத்துப் போடுகிறது. கடல் கட்சியோடு எனக்குச் சண்டை இல்லை. அந்த நீலம் உண்மைதான். மண்டையோட்டுக் கட்சியோடுதான் பேச வேண்டியிருக்கிறது.

கதீட்ரலுக்குள் நுழைந்ததும் எல்லோரும் வலப்பக்கக் கோடிக்கு விரைகிறார்கள். அங்கே தியாகிகளின் சிற்றாலயம். பீடத்துக்குப் பின்னால் கண்ணாடி அலமாரிகளில் வரிசை வரிசையாக மண்டையோடுகளும் எலும்புகளும். 1480-ல் ஒட்டோமான் படை ஊரைப் பிடித்தபோது கொல்லப்பட்டவர்கள். பார்க்கிறார்கள், படம் எடுக்கிறார்கள், ‘மதம் மாற மறுத்த 800 பேர்’ என்று இரண்டு வரி எழுதி அனுப்புகிறார்கள், ஐஸ்கிரீம் சாப்பிடப் போகிறார்கள். போகிற வழியில் தங்கள் காலடியில் என்ன இருக்கிறது என்று குனிந்து பார்ப்பவர்கள் சொற்பம்.

காலடியில் இருப்பது ஒரு மரம். வாசலில் வேர்விட்டு பீடத்தை நோக்கி, கோயிலின் நீளத்துக்கும் வளர்ந்துகொண்டே போகிற மரம். சின்னச் சின்னக் கல் துண்டுகளைப் பதித்துச் செய்த மொசைக் தரை. 1163-லிருந்து 1165 வரை இதைச் செய்தவர் பந்தலேயோனே என்ற பாதிரியார். செய்யச் சொன்னவர் பேராயர் ஜொனாத்தா. இரண்டு பெயர்களும் தரையிலேயே எழுதப்பட்டிருக்கின்றன. அந்த மரத்தைத் தாங்கி நிற்பவை இரண்டு யானைகள்! இத்தாலியக் கடற்கரையில், 12-ஆம் நூற்றாண்டில், தேவாலயத் தரையில் யானை. கோயில் யானையைப் பார்த்து வளர்ந்த நமக்கு அவற்றைக் கண்டதும் சிரிப்பு வருகிறது. பந்தலேயோனே யானையை நேரில் பார்த்திருப்பார் என்று என்னால் நம்ப முடியவில்லை. யாரோ சொல்லக் கேட்டோ, ஏதோ சுவடியில் பார்த்தோ, தைரியமாகச் செய்துவிட்டார். அந்தத் தைரியத்துக்காகவே அவரைப் பிடித்துப்போயிற்று.

மரத்தின் கிளைகளுக்கிடையில் யார் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். நோவா பேழை கட்டுகிறார். பாபேல் கோபுரம் எழும்புகிறது. சரி, பைபிள் கதைகள்தானே என்று நினைக்கும்போது, கழுகுத் தலையும் சிங்க உடலுமான கிரிஃபின்கள் தூக்கிச் செல்ல வானத்துக்கு ஏறப் பார்க்கிறான் மாசிடோனியாவின் அலெக்சாண்டர். இன்னொரு பக்கம் ஆடு போன்ற ஒரு விலங்கின் மேல் ஆர்தர் மன்னன். பக்கத்தில் பெயரும் எழுதியிருக்கிறது. பிரிட்டனின் கதைத்தலைவன் இவ்வளவு தூரம் எப்படி வந்தான் என்று அறிஞர்கள் இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். பீடத்தை நெருங்கினால் பன்னிரண்டு வட்டங்கள், பன்னிரண்டு மாதங்கள். ஒவ்வொன்றிலும் அந்த மாதத்து வேலை: ஒருவன் கதிர் அறுக்கிறான், ஒருவன் போரடிக்கிறான், ஒருவன் திராட்சையை மிதிக்கிறான். ஒவ்வொரு வட்டத்திலும் ஒரு ராசி. நண்டையும் தேளையும் மீனையும் பார்த்தவுடன் கடகம், விருச்சிகம், மீனம் என்று வாய் தானாக முணுமுணுக்கிறது. ராசி சொல்லும் கலை பாபிலோனிலிருந்து கிரேக்கத்துக்கும், அங்கிருந்து இந்தியாவுக்கும் இந்தப் பக்கமும் போன கதைக்கு இந்தத் தரையும் ஒரு சாட்சி.

இது ஏதோ ஒரு பாதிரியாரின் தனி விசித்திரம் அல்ல. அன்றைக்கு இந்த ஊர் அப்படித்தான் இருந்தது. ஊரை ஆண்டவர்கள் வட பிரான்சிலிருந்து வந்த நார்மன்கள். வழிபாடு லத்தீனிலும் உண்டு, கிரேக்கத்திலும் உண்டு. யூத அறிஞர்களுக்கும் பேர்போன ஊர். பக்கத்தில் கசோலே மடத்தில் கிரேக்கத் துறவிகள் பெரிய நூலகம் வைத்திருந்தார்கள். சுற்றுவட்டாரச் சில கிராமங்களில் முதியவர்கள் இன்றும் ஒருவகைக் கிரேக்க மொழி பேசுகிறார்கள்.

இனி அந்த எலும்புகள். நடந்தது கொடுமை; அதை யாரும் மழுப்ப வேண்டியதில்லை. 1480 ஜூலைக் கடைசியில் ஒட்டோமான் தளபதி கெதிக் அகமது பாஷாவின் கப்பல்கள் வந்தன. ஆகஸ்ட் 11-ல் ஊர் விழுந்தது. பேராயர் கதீட்ரலிலேயே கொல்லப்பட்டார். மூன்று நாள் கழித்து, உயிரோடு எஞ்சிய ஆண்கள் சுமார் 800 பேரை மினர்வா குன்றில் வெட்டிக் கொன்றார்கள். கசோலே நூலகமும் அந்தப் படையெடுப்பில் அழிந்தது. ஆனால் கதையை இரண்டு வரியில் முடிக்கிறவர்கள் விட்டுவிடுகிற மிச்சமும் உண்டு. இந்த ஊரை அப்போது ஆண்ட நேப்பிள்ஸ் அரசின் இளவரசர் அல்போன்சோ அப்போது தன் படையோடு தஸ்கனியில் இருந்தார், சக இத்தாலியர்களோடு சண்டை போட்டதன் தொடர்ச்சியாக. வெனிஸ் முந்தின ஆண்டுதான் சுல்தானோடு சமாதானம் செய்திருந்தது. அது கைகட்டி நின்றது. கிறிஸ்தவ அரசுகள் ஒன்றையொன்று கவிழ்க்கப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் இந்தச் சின்ன ஊர் மாட்டிக்கொண்டது. மறு ஆண்டு சுல்தான் இரண்டாம் மெஹ்மத் இறந்தபின் அல்போன்சோ ஊரை மீட்டார். மதம் மாற மறுத்ததால்தான் கொன்றார்களா, சரணடைய மறுத்த ஊருக்குத் தண்டனையா என்பதில் இன்றைய வரலாற்றாசிரியர்கள் ஒத்த கருத்தில் இல்லை. திருச்சபைக்கு ஐயமில்லை, 2013 மே மாதம் போப் பிரான்சிஸ் அவர்களைப் புனிதர்களாக அறிவித்தார். அந்த நாளைக் கர்தினால்கள் கூட்டத்தில் குறித்துக் கொடுத்தவர் அவருக்கு முந்தைய போப் பதினாறாம் பெனடிக்ட். அதே கூட்டத்தில்தான் தாம் பதவி விலகுவதையும் சொல்லிவிட்டார், பாவம், அன்று தியாகிகளை யார் கவனித்தார்கள்!

விசுவாசிகள் அந்தச் சிற்றாலயத்தில் மண்டியிடுவது அவர்கள் உரிமை. நான் சொல்வது, நம்பிக்கையும் இல்லாமல் வரலாறும் தெரியாமல் அந்த எலும்புகளை இன்றைய சண்டைக்குக் கல்லாக எடுத்து எறிகிறவர்களைப் பற்றி.

அவர்கள் ஓத்ராந்தோத் துறைமுகத்துக்கும் போகட்டும். அங்கே ஒரு துருப்பிடித்த படகு நிற்கிறது, உடல் முழுக்கக் கண்ணாடித் தகடுகள் செருகி. பெயர் காத்தர் இ ராதெஸ். 1997-ல் அல்பேனியாவில் சீட்டுக் கம்பெனிகள் வரிசையாகக் கவிழ்ந்து, மக்களின் சேமிப்பு போய், நாடே கலவரமானபோது, வ்லோரா துறைமுகத்திலிருந்து பெண்களும் குழந்தைகளுமாக அடைத்துக்கொண்டு கிளம்பிய படகு அது. அந்த ஆண்டு பெரிய வெள்ளியன்று, அகதிகளைத் தடுக்க நின்ற இத்தாலியக் கடற்படைக் கப்பலோடு மோதி மூழ்கியது. இறந்தவர்கள் 80 பேருக்கும் மேல். கிரேக்கச் சிற்பி கோஸ்டாஸ் வரோட்ஸோஸ் அந்தச் சிதைவையே நினைவுச்சின்னமாக ஆக்கி 2012-ல் இங்கே வைத்தார். 1480-ல் பாஷாவின் கப்பல்கள் கிளம்பியதும் இதே வ்லோராவிலிருந்துதான். ஒரே துறைமுகம், ஒரே நீரிணை. இந்தப் படகை நின்று பார்த்தவர்களை நான் இருந்த நேரத்தில் விரல்விட்டு எண்ணிவிடலாம்.

மற்றவை சுருக்கமாக. கோட்டை கம்பீரமாக இருக்கிறது. ஊர் மீட்கப்பட்டபின் கட்டியது. லெச்சே நகரத்திலிருந்து வரும் வழியில் ஆலிவ் தோப்புகள் பட்டுப்போய்ச் சாம்பல் நிற எலும்புக்கூடுகளாக நிற்கும். ஸைலெல்லா என்ற பாக்டீரியாவின் வேலை. 2013-ல் கண்டுபிடித்தார்கள், லட்சக்கணக்கில் மரங்கள் போய்விட்டன. சாப்பிட ஃபிரிசெல்லா கேளுங்கள். பல் உடைக்கும் காய்ந்த ரொட்டியைத் தண்ணீரில் முக்கி, தக்காளியும் ஆலிவ் எண்ணெயும் உப்பும் போட்டுத் தருவார்கள். அதிகம் ஊறினால் கூழ், குறைந்தால் பல் வலி. சைவர்களுக்கு இந்த ஊரில் அதுதான் கதி, நல்ல கதி.

லெச்சேயிலிருந்து சின்ன ரயில் உண்டு, நடுவில் மாற வேண்டும். காலையிலேயே போய்ச் சேருங்கள், மதியத்தில் கதீட்ரலைச் சாத்திவிடுவார்கள். குளிக்க ஆசைப்பட்டால் ஊருக்கு வடக்கே பைன் காட்டுக்குப் பின்னால் ஒரு கடற்கரை. பாஷாவின் படை இறங்கியதாகச் சொல்லப்படும் இடம், துருக்கியர் விரிகுடா என்றே பெயர். ஆகஸ்டில் மட்டும் போகாதீர்கள், துண்டு விரிக்க இடம் கிடைக்காது.