தலைப்பும் பெயரும் மட்டும் போதாது

இணையத்தில் அட்டைப்படத்துக்கான மாற்று உரையில் (படத்தைப் பார்க்க முடியாதவர்களுக்காக அதைச் சொல்லும் எழுத்து) புத்தகத் தலைப்பும் ஆசிரியர் பெயரும் இருந்தால் போதும் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். இதை என்னால் ஏற்க முடியவில்லை.

என் தம்பிக்குப் பார்வை கிடையாது. திரையில் இருப்பதைக் குரலில் படித்துக் காட்டும் என்விடிஏ என்ற திரைவாசிப்பான் மென்பொருளை வைத்துத்தான் இணையத்தில் புத்தகம் தேடுவான். போன வாரம் ஒரு கடையின் பக்கத்தில் நாவலின் அட்டை லிங்க்காக மட்டும் இருந்தது, மாற்று உரை இல்லை. திரைவாசிப்பான் படக் கோப்பின் பெயரை எண் எண்ணாக வாசித்தது. "அட்டையில என்ன இருக்குண்ணா?" என்று கேட்டான். காதில் பாம்படம் தொங்க ஒரு பாட்டி, கருவேல மரத்தடியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், பின்னால் முழுக்கச் செம்மண் என்றேன். "நம்ம பக்கத்துக் கதை போல" என்று உடனே வாங்கிவிட்டான். 'வயதான பெண்' என்று மட்டும் சொல்லியிருந்தால் அவனுக்கு என்ன புரிந்திருக்கும்?

இணையப் பக்கங்களை மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்த வழிசெய்யும், 2008இல் வந்த டபிள்யூசிஏஜி 2.0 வழிகாட்டியின் முதல் விதியே (1.1.1) மாற்று உரை பற்றியதுதான். இரண்டு வாக்கியம் போதும். 'படம்' என்று தொடங்க வேண்டாம், அதைத் திரைவாசிப்பானே சொல்லிவிடும். தலைப்பு பக்கத்திலேயே எழுத்தாக இருந்தால் மறுபடி வேண்டியதில்லை. ஆனால் இபப் என்ற மின்னூல் கோப்புக்குள் அட்டை தனியாக நிற்கும், அங்கே தலைப்பு கட்டாயம் வேண்டும். அப்புறம், தமிழ்ப் புத்தகத்துக்குத் தமிழிலேயே எழுதுங்கள். ஆங்கில எழுத்தில் தமிழை அடித்து வைத்தால் ஆங்கிலக் குரல் அதைக் கடித்துத் துப்புகிறது. பாம்படம் என்ற சொல்லே அதில் காணாமல் போய்விடும்.