ஆர்என்ஏவின் மடிப்புக்கும் வேலை உண்டு

“செடியின் செல்லில் ஆர்என்ஏ என்பது டிஎன்ஏவின் செய்தியைச் சுமக்கும் நேரான இழை, அதன் வடிவத்துக்கு எந்த வேலையும் இல்லை” என்று ஒரு பதிவு சுற்றி வருகிறது. இது தவறு.

ஒற்றை இழை என்பது சரிதான். ஆனால் அந்த இழையின் எழுத்துகள் தங்களுக்குள்ளேயே ஜோடி சேர்ந்து கொண்டை ஊசிபோல மடிகின்றன. ஆய்வகங்களில் அதிகம் பயன்படும் அராபிடாப்சிஸ் என்ற சிறு செடியில், பிஐஎஃப்7 என்ற மரபணுவின் செய்தியைச் சுமக்கும் தூது ஆர்என்ஏவில், புரதம் செய்வதற்கான குறிப்பு தொடங்குமுன் இப்படி ஒரு மடிப்பு உண்டு. வெப்பம் கூடினால் அது தளர்ந்து உருமாறுகிறது. புரதத் தயாரிப்பு வேகமெடுக்கிறது, செடியின் தண்டும் நீள்கிறது.

வைட்டமின் பி1 தயாரிக்க உதவும் ஒரு மரபணுவில் நடப்பது எனக்கு இன்னும் வியப்பு. பி1இன் செயல்வடிவம் பெருகினால், அதுவே ஆர்என்ஏவின் மடிப்பில் நேரடியாக ஒட்டி, அந்த ஆர்என்ஏ வெட்டி ஒட்டப்படும் விதத்தை மாற்றித் தயாரிப்பைக் குறைக்கிறது. இதை உணர்ந்து சொல்ல நடுவில் ஒரு புரதம் தேவையில்லை!

அப்புறம், கணினி கணிக்கும் வடிவமே செல்லுக்குள்ளும் இருக்கும் என்று நினைக்க வேண்டாம். 2014இல் அராபிடாப்சிஸ் நாற்றுகளில், ஜோடி சேராத அடினின், சைட்டோசின் என்ற எழுத்துகளை அடையாளமிடும் டைமெத்தில் சல்பேட் என்ற வேதிப்பொருளைக் கொண்டு சோதித்தார்கள். குளிர் போன்ற நெருக்கடிகளைச் சமாளிக்கும் மரபணுக்களின் ஆர்என்ஏக்கள் பல, கணிப்பிலிருந்து விலகியே இருந்தன.